பாதம் தொங்கினால் நாளைக் கடத்தாதீர்கள்! குந்தி வேலை செய்பவர்கள் அறிய வேண்டிய கால் நரம்பு

விடிவதற்கு முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் களைகட்டிவிடுகிறது. மீன் வெட்டுபவர்கள் தாழ்வான பலகையிலோ வெறும் தரையிலோ குந்தியபடி மணிக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். வடக்கே திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் கழிமுகத்துக்குப் போனால், சேற்றுத் தண்ணீரில் உடம்பை மடக்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர்களைப் பார்க்கலாம். இன்னும் வடக்கே மீஞ்சூர், பொன்னேரி பக்கம் வயலில் களையெடுப்பு, களத்தில் கடலை ஆய்தல், தொழுவத்தில் பால் கறவை. தொழில்கள் வேறு வேறு. முழங்காலை மடக்கியே பாடுபடுவது மட்டும் பொது.

குந்தி எழுந்தால் கால் மரத்துப்போவது எல்லோருக்கும் பழகியதுதான். இரண்டு உதறு உதறினால் சரியாகிவிடும். சிலருக்கு அப்படிச் சரியாவதில்லை. நடக்கும்போது செருப்பு தானாகக் கழல்கிறது. வரப்பில் கட்டைவிரல் இடறுகிறது. பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்கவே முடியவில்லை. இதற்குப் பெயர் ‘பாதத் தொய்வு’. பெரும்பாலும் வலி அதிகம் இருக்காது. அதனால்தான் பலர் ‘தானாகச் சரியாகும்’ என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பு

உடம்பிலேயே தடிமனான நரம்பு சயாட்டிக் நரம்பு. இடுப்புத் தண்டுவடத்தில் இருந்து கிளம்பி, பிட்டம் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்குகிறது. முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கெண்டைக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் போகிறது. குதிகாலைத் தூக்கி, உந்தி நடக்க வைப்பது இதுதான். இன்னொரு கிளை பெரோனியல் நரம்பு. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்கு இது உத்தரவு கொடுக்கிறது.

முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே தடவினால் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதற்குக் கீழே எலும்பைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் திரும்புகிறது பெரோனியல் நரம்பு. அந்த இடத்தில் அதற்குப் பாதுகாப்பு மெல்லிய தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான். நெடுநேரம் குந்தும்போது நரம்பு நசுங்குகிறது, இழுபடுகிறது, ரத்த ஓட்டமும் குறைகிறது. ஒல்லியானவர்களுக்கும், திடீரென உடல் எடை குறைந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். வெளிநாடுகளில் குந்தியபடி ஸ்ட்ராபெரி பறிக்கும் தொழிலாளர்களிடம் காணப்பட்டதால், மருத்துவ நூல்களில் இதற்கு அந்தப் பழத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

மூன்று விதக் காயம்

நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரிக்கலாம் என்று பிரிட்டன் மருத்துவர் ஹெர்பர்ட் செடன் 1943-ல் எழுதினார். இன்றும் அந்தக் கணக்குதான் அடிப்படை. சொட்டுநீர்க் குழாயை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும்.

குழாய் நசுங்கி, தண்ணீர் நிற்பது முதல் வகை. அழுத்தம் விலகினால் சில நாட்களில் இருந்து சில வாரங்களுக்குள் உணர்வு திரும்பும். குந்தியதால் வரும் பாதிப்பு பெரும்பாலும் இதுவே.

வெளிக்குழாய் முழுசாக இருந்து, உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துபோவது இரண்டாவது வகை. இழைகள் மறுபடி வளரும். ஆனால், நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். 10 சென்டிமீட்டர் வளர 100 நாள் ஆகும்.

குழாயே துண்டாகிப்போவது மூன்றாவது வகை. அரிவாள் வெட்டு, இயந்திரத்தில் சிக்குவது, எலும்பு முறிவு இவற்றால் வரும். அறுவைச் சிகிச்சையில் தைத்தால்தான் வழி பிறக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது தசையின் பொறுமை. நரம்பின் தொடர்பு இல்லாத தசை வற்றிய வாய்க்கால் போல மெல்ல மெல்லச் சுருங்கும். ஒன்று, ஒன்றரை வருடம் கடந்துவிட்டால் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை வேலை செய்வது அரிது. அதனால்தான் நாளைக் கடத்தக் கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை

சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நான்கு அடி நடக்க வேண்டும். முடியாவிட்டால் பெரோனியல் நரம்பின் பக்கம் கோளாறு இருக்கலாம். பிறகு விரல் நுனியில் நான்கு அடி. முடியாவிட்டால் கெண்டைக்கால் தசை, குதிகால் நாண் அல்லது அவற்றுக்கான நரம்பில் கோளாறு இருக்கலாம். இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பாதத் தொய்வோடு இடுப்பில் இருந்து காலுக்கு இறங்கும் வலியும் இருந்தால், முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தக்கூடும். மூட்டை சுமப்பவர்களுக்கு இதற்கு வாய்ப்பு அதிகம்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

* டிராக்டரோ, லாரியோ, பாரமான சரக்கோ காலை நசுக்கிய பிறகு, கெண்டைக்கால் கல் போல இறுகி, விரலை லேசாக நீட்டினாலே தாங்க முடியாத வலி வந்தால், தசை உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். சில மணி நேரத்துக்குள் உறையைக் கீறி அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தசை செத்துவிடும். நீவக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது.
* இரண்டு கால்களும் பலவீனமாகி, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தால் அதுவும் அவசரம்.
* வெட்டுக்காயத்துக்குப் பின் பாதமோ விரலோ அசையாவிட்டால், தோலை மட்டும் தைத்துக்கொண்டு திரும்பக் கூடாது. நரம்பும் நாணும் அறுந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சாலை விபத்து என்றால் 108-ஐ அழைக்கலாம். 2021-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு உதவுகிறது. வட சென்னைக்காரர்களுக்கு ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மருத்துவமனை அது.

நரம்பு திரும்பாவிட்டால்?

அப்போதும் வழி உண்டு. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு, நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி உயிர் கொடுத்தார். அதே தத்துவத்தில், முன்னங்காலின் பின்பக்கத் தசை நாணை முன்பக்கம் கொண்டுவந்து பாதத்தைத் தூக்க வைக்கும் அறுவைச் சிகிச்சை பாதத் தொய்வுக்குச் செய்யப்படுகிறது.

குந்தும் வேலைக்குச் சில மாற்றங்கள்

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, குதிகாலால் பத்து அடி நடந்தால் போதும். களையெடுக்கவும் கடலை ஆயவும் ஒரு சாண் உயர முக்காலி உதவும். நீண்ட கைப்பிடி உள்ள களைக்கருவி இன்னும் நல்லது. கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்காருவதையும் தவிர்க்க வேண்டும்.

வாசகர் கேள்வி

எண்ணெய் தேய்த்து நீவினால் பாதத் தொய்வு சரியாகுமா?
நரம்பு அதனால் வளராது. எலும்பு முண்டுக்குக் கீழே அழுத்தி நீவினால் பாதிப்பு கூடலாம். பாதத்தைத் தாங்கும் பட்டையும் பிசியோதெரபியும்தான் மூட்டு இறுகாமல் காக்கும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது.

பிட்டத்தில் ஊசி போட்டதில் இருந்து கால் இழுக்கிறது. தொடர்பு உண்டா?
உண்டு. தவறான இடத்தில் இறங்கிய ஊசி சயாட்டிக் நரம்பைக் காயப்படுத்தலாம். பிட்டத்தின் மேல்புற வெளிப்பகுதிதான் பாதுகாப்பான இடம். படித்துத் தேர்ந்தவரிடம் மட்டுமே ஊசி போட வேண்டும்.

குந்தவே இல்லை, ஆனாலும் பாதம் தொங்குகிறதே?
சர்க்கரை நோய், தொழுநோய், முழங்காலுக்குக் கீழே இறுக்கமாகப் போட்ட மாவுக்கட்டு, இவையும் காரணமாகலாம். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். தொழுநோய்க்கு மருந்து இலவசம். சீக்கிரம் தொடங்கினால் நரம்பைக் காப்பாற்றிவிடலாம்.