கடற்காற்றும் நம் இல்லத் தூய்மையும்

அடுக்களையில் மூடாமல் விட்ட உப்பு ஜாடியை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். மாலையில் மணல்போல் உதிர்ந்த உப்பு மறுநாள் விடியலில் கசிந்து நீர்த்துக் கிடக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு அக்காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கிவிடுகின்றது. கோல சிலாங்கூர், கேரித் தீவு, பாகான் டத்தோ முதலிய கடலோரப் பகுதிகளில் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் பெரும்பாலும் இவ்வளவைக் கடந்தே நிற்கும். ஆகவே, இங்கு வீட்டைத் தூய்மை செய்தல் என்பது அழுக்கை நீக்குவது மட்டுமன்று. ஈரத்தை வெளியேற்றுவதும் ஆகும். நாமோ வாளி வாளியாக நீரையும், புட்டி புட்டியாக இரசாயனத் திரவங்களையும் கொட்டி வருகின்றோம்.

கடற்காற்று சுமந்து வரும் நுண்ணிய உப்பு நம் சன்னல் கம்பிகளிலும் கூரைத் தகரத்திலும் படிகின்றது. ஜாடியில் நிகழ்ந்ததே அங்கும் நிகழ்கின்றது. கம்பி ஓயாமல் நனைந்து துருப்பிடிக்கின்றது. இதற்கு விலையுயர்ந்த திரவம் எதுவும் வேண்டுவதில்லை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்தெடுத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தையும் ஒற்றியெடுத்தால் போதும்.

சுவரில் கரும்புள்ளிகளாய்ப் படரும் பூசணமே நமக்குப் பெரும் பகை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது மூச்சிரைப்பைத் தூண்டவல்லது. தீபாவளி நெருங்கும் அக்டோபர் மாதம் மேற்குக் கரையில் மழை மிகுந்த காலம். அப்பொழுதுதான் நாம் அவசர அவசரமாகச் சுவருக்குச் சாயம் பூசுகின்றோம். பூசணத்தின்மீதே பூசிய சாயம் பொங்கலுக்குள் உரிந்து, கறை மீண்டும் எட்டிப் பார்க்கும். செலவழித்த பணமும் வீண், உழைப்பும் வீண். முதலில் பூசணத்தைப் போக்குதல் வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் அதன் வித்துகள் அறை முழுவதும் பறக்கும். ஆதலால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, சமையலுக்குப் பயன்படும் வெள்ளை வினிகரை நீர் கலவாமல் துணியில் நனைத்துச் சுவரில் தடவி, ஒரு மணி நேரம் விட்டுத் தேய்த்தெடுக்க வேண்டும். பின்னர் நல்ல தண்ணீரால் துடைத்து நன்கு உலர விடவேண்டும். சிமெண்டுத் தரையிலும் மொசைக் தரையிலும் வினிகரை ஊற்றலாகாது. அது அவற்றை அரித்துவிடும். முன்னாளில் லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்த நம் முதியோரின் செயலில் பொருள் இருந்தது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூசணம் எளிதில் வேர்கொள்வதில்லை.

ஈரம் நீங்காவிடில் எதைத் தடவினாலும் பூசணம் திரும்பி வரும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி விடுதல் நன்று. வெள்ளிக்கிழமை தோறும் விடியற்காலையில் வீடு கழுவும் வழக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும், வெயில் ஏறிய பின் பத்து மணிக்குக் கழுவி, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தால் தரை விரைவில் உலரும். மாலையில் கழுவிக் கதவடைத்த வீட்டில் அந்நீர் எங்கே போகும்? சுவருக்குத்தான் போகும்.

இவ்விடத்தில் எமது அறியாமையையும் ஒளிக்காமல் கூறிவிடுகின்றோம். ஒரு தீபாவளிக்கு முன், துணி வெளுக்கும் திரவத்தையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றினால் இருமடங்கு வெண்மை கிட்டும் என எண்ணினோம். கதவு மூடியிருந்த குளியலறையில் கண் எரிந்தது; நெஞ்சு அடைத்தது. வாசலில் நின்ற எங்கள் இளைய மகள் இருமி இருமி அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். பின்னரே அறிந்தோம், அவ்விரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும் என்று. 1915ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே போர்வீரர்கள்மீது ஏவப்பட்ட நச்சுக் காற்றும் அதுவே! வெளுப்புத் திரவத்தோடு வினிகர், எலுமிச்சைச் சாறு, அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் ஆகிய எதையும் சேர்த்தலாகாது.

சமையல் சோடாவோடு வினிகரைக் கலந்து நுரை பொங்குவதைக் கண்டு மகிழ்வோரும் உளர். ஒன்றின் ஆற்றலை மற்றொன்று அழித்துவிடுவதால் நுரை அடங்கியபின் எஞ்சுவது பெரும்பாலும் உப்பு நீரே. கடலோர வீட்டுக்கு மேலும் உப்பு எதற்கு? அடுப்பில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கிற்குச் சோடாவைத் தனியாகச் சிறிது நீரில் குழைத்துப் பூசலாம். குத்துவிளக்கிற்கு நம் பாட்டிமார் தேர்ந்த புளியே போதும்.

நாம் ஊற்றுவது கால்வாயோடு முடிந்துவிடுவதில்லை. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் அது சிலாங்கூர் ஆற்றை நாடிச் செல்லும். அவ்வாற்றங்கரையில், கம்போங் குவாந்தானில், பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னுவதை மாணவர் பலர் படகிலேறிக் கண்டிருப்பர். அவற்றின் புழுக்கள் கரையோர ஈர நிலத்தில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. சாக்கடை அடைப்பிற்கென நாம் ஊற்றும் கடுங்காரமும் அமிலமும் ஓடிச் சேரும் திசை அதுவே.

இறுதியாக, குளியலறைத் தொட்டி. ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, தொட்டியின் உட்சுவரில் ஒட்டி வைக்கின்றது. அவை பல மாதங்கள் உலர்ந்து கிடந்தாலும், நீர் ஏறியதும் பொரிக்கும். எனவே நீரைக் கொட்டி மறுபடி நிரப்புவதால் பயனில்லை. உட்சுவரைத் தேய்த்தாக வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் வரை ஆகுமாதலால், வாரம் ஒருமுறை தேய்த்தல் போதும். அதற்குத் திரவம் எதுவும் வேண்டா. கொல்லையில் கிடக்கும் தேங்காய் மட்டையில் ஒரு துண்டும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அரை மணி நேரமும் இருந்தால் நான்காம் ஆண்டு மாணவனும் அதைச் செய்து முடிப்பான்.