எண்ணெய் முன்னால், சீயக்காய் பின்னால்

இடுப்புவரை தொங்கும் கூந்தலின் நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. கூந்தல் 60 சென்டிமீட்டர் நீளம் என்றால், நுனியில் இருப்பது ஐந்து வருடங்களுக்கு முன் தோலைவிட்டு வெளியே வந்த முடி. அத்தனை வருட வெயிலையும் சீப்பையும் உப்புத் தண்ணீரையும் தாங்கிய பகுதி அது. தோலுக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. புண் ஆறுவதுபோலத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. வேரருகே சுரக்கும் எண்ணெய் அவ்வளவு தூரம் இறங்கி வருவதும் அரிது, சுருட்டைமுடியில் இன்னும் அரிது. ‘முடி வறண்டுபோச்சு’ என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பழைய முடியைப் பற்றித்தான்.

முடியின் மேற்புறம் கூரை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்களால் ஆனது. செதில்களின் மேல் கொழுப்பு அமிலத்தாலான ஒரு படலம், வேதிப்பிணைப்பால் முடியோடு ஒட்டியிருக்கிறது. தண்ணீரை விலக்குவதும், ஒரு முடி இன்னொன்றோடு உரசாமல் நழுவச் செய்வதும் அந்தப் படலம்தான். காரத்தன்மை கொண்ட பொருள்கள் அதை அரித்துவிடும். குளியல் சோப்பு பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. போர்த் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத திப்பியாகி முடியில் படிந்தும்விடும். சோப்புப் போட்டுக் குளித்தால் தலை சிக்குப் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

சீயக்காயின் வழி வேறு. முள் அடர்ந்த மலைக்கொடி ஒன்றின் காய் அது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. காயின் தோலில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறில் ஒரு பக்கம் 30 கார்பன் அணுக்களைச் சட்டமாகக் கொண்ட, எண்ணெயோடு ஒட்டும் பகுதி. மறுபக்கம் தண்ணீரை நாடும் சர்க்கரைச் சங்கிலிகள். எண்ணெய்ப் பக்கம் அழுக்கைப் பற்றிக்கொள்ள, சர்க்கரைப் பக்கம் அதைத் தண்ணீருக்குள் இழுத்து வருகிறது. தாவரம் இதை நம் தலைக்காகச் செய்து வைக்கவில்லை. பூஞ்சையையும் பூச்சியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் இது. பட்டுப் புடவை அலசும் பூந்திக்கொட்டையிலும் வேலை செய்வது சபோனின்தான்.

சீயக்காய்க் கரைசல் லேசான புளிப்புத்தன்மை உடையது. அதனால் செதில்கள் விரியாமல் படிந்தே இருக்கும். உப்புத் தண்ணீரிலும் சோப்பைப்போலத் திப்பி கட்டாது. நுரை குறைவாக வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். நுரை அழுக்கு நீக்கத்தின் அளவுகோல் அல்ல. எண்ணெய்த் தலையில் எந்த ஷாம்புவும் முதல் தடவை சரியாக நுரைக்காது.

ஆனால், வறண்ட முடிக்காரர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வறண்ட தலையில் சீயக்காயை நேரே தேய்த்தால் முடி மேலும் சொரசொரப்பாகும். கொஞ்சநஞ்சம் இருக்கும் எண்ணெயையும் அது எடுத்துவிடும். நம் வீடுகளில் சீயக்காய் தனியாக வந்ததில்லை. முதலில் எண்ணெய், அப்புறம்தான் சீயக்காய். இந்த வரிசையில்தான் முழு அறிவியலும் இருக்கிறது.

முடி நனைந்தால் தண்ணீரை உறிஞ்சித் தடிக்கும், காய்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு குளியலிலும் இது நடக்க நடக்க முடியின் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகிறது. ரெலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றுதான். தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் அவர்கள் என்பதையும் வாசகர் அறிந்திருப்பது நல்லது. ஆனாலும் காரணம் தெளிவானது: தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அது சிறியது, நேரானது. முடிக்குள்ளேயே நுழைந்து, தண்ணீர் புகும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மினரல் ஆயில் மேலே பளபளப்பதோடு சரி.

சீயக்காய்த்தூளை வடிகஞ்சியில் கரைப்பதும், அரைக்கும்போது வெந்தயம் சேர்ப்பதும், செம்பருத்தி இலையைக் கசக்கிப் போடுவதும் இதே அக்கறையில் பிறந்தவை. கஞ்சியின் மாவுச்சத்தும், வெந்தயத்தின் கொழகொழப்பும் முடிமேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, போன வழவழப்பை ஓரளவு திருப்பித் தருகின்றன. கண்டிஷனர் செய்யும் வேலையும் இதுதான். கொங்குப் பக்கம் உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த அரப்பைத் தேய்ப்பார்கள். கொழகொழப்பும் சேர்ந்தே வருவதால் வறண்ட முடிக்கு என் முதல் தேர்வு அதுதான்.

சுற்றுச்சூழல் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். ஷாம்புகளில் பரவலாக உள்ள சோடியம் லாரில் சல்ஃபேட்டும் பெரும்பாலும் தேங்காய் அல்லது செம்பனை எண்ணெயிலிருந்து வருவதே. நுண்ணுயிர்கள் அதையும் எளிதில் சிதைத்துவிடும். மாறாக, இயற்கையான சபோனின் மீனுக்கு நஞ்சு; மீனை மயக்கிப் பிடிக்கச் சபோனின் உள்ள காய்களைப் பல நாடுகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே சீயக்காய் என்றாலும் குளத்துக்குள் நின்று தேய்க்காமல், கரையேறித் தேய்த்து அலசுவதே முறை. உண்மையான வேறுபாடு உறையில் இருக்கிறது. பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன சாஷேக்களைப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். சாக்கடையை அடைப்பவை அவைதான். காய்ந்த சீயக்காய்க்கு ஒரு காகிதப் பொட்டலம் போதும்.

நாட்டு மருந்துக் கடையில் முழுக்காயாகவே வாங்குங்கள். விதை நீக்கி, வெயிலில் காயவைத்து, சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் உள்ள மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவே நுனிவரை தேங்காயெண்ணெய் தடவுங்கள். தூளைக் கஞ்சியில் நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும். வழிந்து வருவதே நுனிக்குத் தாராளம். கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள், சபோனின் கடுமையாக எரிக்கும்.