கடல் கடந்த பாட்டு – 9: செவில்யாவுக்குப் போன ஃபந்தாங்கோ

சென்ற வாரம் நிகரகுவாவின் கதையில் நிறுத்தியிருந்தோம். 1972 டிசம்பர் நிலநடுக்கம் மனாகுவா நகரைத் தரைமட்டமாக்கியது. அதற்குப் பின் முளைத்த குடியிருப்பு ஒன்றில் பட்டம் செய்து பிழைக்கும் ஏழைச் சிறுவனைப் பற்றிய பாட்டு, 1977-ல் மத்ரித் மேடையில் முதல் பரிசு வாங்கியது. அங்கே நிலநடுக்கம் முந்தியது, பாட்டு பிந்தியது. இந்த வாரம் மெக்சிகோ. இங்கே பாட்டுதான் முதலில் வந்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழி நாடுகளின் தொலைக்காட்சி நிறுவனங்கள் சேர்ந்து 1971-ல் தொடங்கிய அமைப்பு ஓ.டி.ஐ. மக்கள் அதை ஒரே சொல்லாக ‘ஓத்தி’ என்பார்கள். 1972-ல் மத்ரித்தில் ஆரம்பித்து 2000-ல் அகபுல்கோவில் முடிகிற வரை இந்த அமைப்பின் பாட்டுப் போட்டி நடந்தது. ஒவ்வொரு நாடும் ஒரு புதுப் பாட்டை அனுப்பும். பரிசு பாட்டுக்கு. பாடியவர் பெயரைத்தான் ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும் என்றாலும், மேடையில் போட்டியிட்டது எழுதியவரின் படைப்பு.

அந்தப் பாட்டை நாட்டுக்குள் யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். அரசோ இசைக் கழகமோ அல்ல, தொலைக்காட்சி நிறுவனம். மெக்சிகோவில் அப்படிச் சொன்னால் தெலெவிசா என்று பொருள். 1973-ல் இரண்டு பெரிய நிறுவனங்கள் இணைந்து உருவான தெலெவிசா, அந்த நாட்டில் யார் பாடகர், எது பாட்டு என்று முடிவு செய்யும் இடத்துக்கு வந்துவிட்டது. ஓத்திக்கான உள்நாட்டுச் சுற்றுகளை அதுவே நடத்தியது, அதுவே ஒளிபரப்பியது. வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தார்கள். பிடித்த பாட்டு தோற்றால் மறுநாள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அந்த வாசலைக் கடந்து போனவை பெரும்பாலும் காதல் பாட்டுகள். பெரிய வாத்தியக் குழு, மெதுவாகத் தொடங்கி உச்சத்தில் முடியும் மெட்டு, உருக்கும் குரல். 1973-ல் இமெல்தா மில்லர், 1975-ல் குவால்பெர்த்தோ கஸ்த்ரோ என இரண்டு முறை மெக்சிகோ வென்றது. 1978-ல் லூபித்தா தலெசியோ, 1984-ல் யூரி என்று நாடறிந்த குரல்கள் போயின. இவற்றில் நல்ல பாட்டுகள் உண்டு, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மெக்சிகோவின் கிராமங்களில் ஒலிக்கும் இசைக்கு அந்த வாசலில் இடம் குறைவு.

தெலெவிசாவுக்கு வெளியே இன்னொரு பாட்டுலகம் இருந்தது. 1968-ல் த்லதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பிறகு வளர்ந்த உலகம் அது. ‘பேன்யா’ எனப்படும் சிறு அரங்குகளிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் பாடினார்கள். 1973-ல் சிலேயிலும் 1976-ல் அர்ஜென்டினாவிலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அங்கிருந்து தப்பி வந்த கலைஞர்கள் இவர்களோடு சேர்ந்தார்கள். எவுஹேனியா லெயோன் அங்கே வளர்ந்த குரல். அர்ஜென்டினாக்காரர் நல்தோ லப்ரீன் நடத்திய ‘சனம்பாய்’ குழுவில் பாடியவர். ஆழ்ந்து கனத்த குரல், சொல்லை மென்று விழுங்காத உச்சரிப்பு. மர்சியால் அலெஹாந்த்ரோவும் அதே வட்டத்துப் பாடலாசிரியர். இந்த இருவரும் ‘எல் ஃபந்தாங்கோ அகீ’ என்ற பாட்டோடு 1985-ல் தெலெவிசாவின் உள்நாட்டுச் சுற்றுக்குப் போனார்கள், வென்றார்கள்.

வணிகத் தொலைக்காட்சியை ஒதுக்கி வைத்தே வாழ்ந்த ஒரு வட்டத்திலிருந்து அங்கே போய்ப் பாடுவது எளிய முடிவல்ல. போனது சரி என்றே நான் நினைக்கிறேன். நாட்டின் பெயரால் ஒரு பாட்டு வெளியே போகிறதென்றால், அந்த வாசலில் போய் நிற்கும் உரிமை எல்லாப் பாட்டுக்கும் உண்டு. உள்ளே விடுவதும் விடாததும் வாசலில் இருப்பவர் பொறுப்பு. அந்த ஆண்டு விட்டார்கள், அதற்கான பெருமை தெலெவிசாவின் நடுவர்களுக்கும் சேர வேண்டும்.

பாட்டின் பெயரில் உள்ள ஃபந்தாங்கோ எது என்று சொல்ல வேண்டும். மெக்சிகோ வளைகுடாக் கரையில் வெராக்ரூஸ் மாநிலம். அங்கே ஊர்க்கூட்டமாக இரவு முழுக்க நடக்கும் இசை, ஆட்டத்துக்கு ஃபந்தாங்கோ என்று பெயர். நடுவில் ‘தரிமா’ என்ற மரப்பலகை. அதன்மேல் ஏறிக் காலால் தாளம் தட்டி ஆடுவார்கள். சுற்றிலும் ஹரானா என்ற சிறு நரம்பிசைக் கருவியோடு பத்துப் பேர், இருபது பேர். ஒருவர் ஓரடி பாட, இன்னொருவர் பதில் பாடுவார். பழைய அடிகளோடு அந்த நேரத்தில் தோன்றுகிற அடியும் கலந்து வரும். பார்வையாளர் வரிசை என்று தனியாக எதுவும் கிடையாது. நம் வாசகர்களுக்கும் தெரிந்த ‘லா பம்பா’ இந்தக் கரையில் பிறந்ததுதான்.

நகரத்து மேடைகளும் சுற்றுலா விடுதிகளும் இந்த இசையைச் சீருடை போட்டு அடக்கி வைத்திருந்த காலத்தில், 1970-களின் கடைசியில் அதை ஊர்த்திடலுக்கே திருப்பிக் கொண்டுபோகும் இயக்கம் தொடங்கியது. 1977-ல் ‘மோனோ பிளாங்கோ’ குழு உருவானது. த்லகோதல்பான் என்ற ஆற்றங்கரை ஊரில் ஹரானா கலைஞர்களின் ஆண்டுக் கூடல் ஆரம்பமானது. மர்சியாலின் பாட்டு இந்தக் காற்றில்தான் பிறந்தது. அது ஊர்ப்பாட்டை அப்படியே நகல் எடுத்ததல்ல. புதிதாக எழுதிய பாட்டு, ஆனால் அதன் கால் அந்தப் பலகையில் நிற்கிறது.

அந்த ஆண்டு ஓத்தி விழாவுக்காக இந்தப் பாட்டு போய்ச் சேர வேண்டிய ஊர் ஸ்பெயினின் செவில்யா. 1503 முதல் 1717 வரை அமெரிக்கக் கடல் வாணிபம் முழுவதையும் கட்டுப்படுத்திய அலுவலகம் இருந்த ஊர். வெராக்ரூஸுக்கான கப்பல்கள் அந்த ஊரின் ஆற்றுப் பக்கத்திலிருந்தே புறப்பட்டன. கப்பல் சரக்கோடு கித்தாரும் மெட்டும் போயின. அங்கே ஆப்பிரிக்க அடிமைகளின் தாளமும் பூர்வகுடிகளின் குரலும் கலந்து, புது உருவில் திரும்பியும் வந்தன. 1732-ல் வெளிவந்த ஸ்பானிய அகராதியே ஃபந்தாங்கோவை அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த ஆட்டம் என்று எழுதுகிறது. இக்கரையில் அண்டலூசிய ஃபந்தாங்கோ தனியே வளர்ந்தது. அக்கரையில் வெராக்ரூஸின் ‘சுசும்பே’ என்ற பாட்டை 1766-ல் சமய விசாரணை மன்றம் தடை செய்தது. இத்தனை தடைக்கும் பயணத்துக்கும் பிறகு, 1985 செப்டம்பர் 21 சனிக்கிழமை, 1929 ஐபீரிய அமெரிக்கக் கண்காட்சிக்காகக் கட்டிய லோபே தெ வேகா அரங்கில் மெக்சிகோவின் ஃபந்தாங்கோ ஏற இருந்தது.

இரண்டு நாள் முன்னால், வியாழன் காலை 7.19-க்கு மெக்சிகோ நகரம் குலுங்கியது. அப்போது செவில்யாவில் பிற்பகல் 3.19. அளவு 8-க்கு மேல். மையம் பசிபிக் கரையில், தலைநகரிலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் நகரத்தின் நடுப்பகுதி பழைய ஏரிப் படுகையின் களிமண் மேல் கட்டியது. தொலைவில் தளர்ந்து வந்த அதிர்வு அந்தச் சேற்றில் பல மடங்கு பெருகியது. ஹுவாரெஸ் மருத்துவமனை, த்லதெலோல்கோவின் நுவேவோ லெயோன் அடுக்ககம், சான் அந்தோனியோ அபாத் தெருவில் தையல் பெண்கள் வேலை செய்த கட்டடங்கள் எல்லாம் சரிந்தன. இறந்தவர்கள் பல ஆயிரம். பத்தாயிரத்தைத் தாண்டும் என்போரும் உண்டு.

தெலெவிசாவின் சபுல்தெபெக் வளாகத்தின் ஒரு பகுதியும் விழுந்தது. காலை நிகழ்ச்சியில் லூர்தெஸ் கெர்ரேரோ நில அதிர்வைப் பற்றி அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒளிபரப்பு அறுந்தது. இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய நிறுவனத்தின் ஊழியர்கள் பலர் அந்த இடிபாட்டில் இறந்தார்கள். ஹுவாரெஸ் குடியிருப்பில் ‘ரொக்த்ரீகோ’ என்று எல்லோரும் அழைத்த ரொத்ரீகோ கொன்சாலெஸ் இறந்தார். நகரத்து ஏழை வாழ்வைக் கித்தாரில் பாடியவர், எவுஹேனியாவின் தலைமுறையைச் சேர்ந்தவர். நுவேவோ லெயோன் இடிபாட்டில் தன் உறவினரைத் தேடி ஆட்களோடு ஆளாகக் கல் பொறுக்கியவர், ஓபரா உலகின் பெருங்குரலான பிளாசிதோ தொமிங்கோ. தொலைபேசி நிலையம் சேதமானதால் நாட்டுக்கு வெளியே தொடர்பு இல்லை. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று செவில்யாவில் இருந்தவர்கள் கேட்கக்கூட வழியில்லை. வெள்ளி மாலை மறுபடியும் ஒரு பெரிய அதிர்வு.

சனிக்கிழமை எவுஹேனியா மேடை ஏறினார், பாடினார், மெக்சிகோ வென்றது.

இதை அனுதாப ஓட்டு என்று ஒதுக்குவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. அரங்கில் இருந்த ஒவ்வொருவர் மனத்திலும் மெக்சிகோ நகரம் இருந்திருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் நிலம் அசையாத நாளில், அதே பாட்டு தன் நாட்டுக்குள் பாரபட்சத்துக்கு இடமுள்ள ஒரு களத்தில், தனக்குப் பழக்கமில்லாத மேடையில், காதல் பாட்டுகளை வென்று வந்திருக்கிறது. அனுதாபம் ஒரு பாட்டை அந்த இரவுக்குத் தூக்கிவிடலாம். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் பாட வைக்காது. எவுஹேனியா இன்றும் பாடுகிறார், கூட்டம் இன்றும் இந்தப் பாட்டைக் கேட்கிறது. ஒரு இரங்கற்பாவை அவர்கள் அன்று அனுப்பியிருந்தால் அது அந்த வாரத்தோடு முடிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. போனது ஊர்கூடி ஆடும் ஆட்டத்தைப் பற்றிய பாட்டு. அந்த வாரம் மெக்சிகோ நகரத்தில் அரசுக்குக் காத்திராமல் மனிதச் சங்கிலி கட்டி, வாளி வாளியாக இடிபாட்டை அள்ளிக்கொண்டிருந்ததும் ஊர்தான்.

மர்சியால் அலெஹாந்த்ரோ 2009-ல் காலமானார். மெக்சிகோ 1989-லும் 1990-லும் மறுபடி வென்றது. 1990-ல் வென்ற கார்லோஸ் குவேவாஸின் பாட்டுக்குப் பெயரே ‘ஒரு பொலேரோ’; பொலேரோ என்றால் மெதுவான காதல் பாட்டு. காதல் பாட்டு தன் இடத்தை மீட்டுக்கொண்டது.

1986 விழா பினோசெத்தின் சிலேயில், சந்தியாகோவில் நடந்தது. ராணுவ ஆட்சிக்குள் இருந்துகொண்டு சிலே எப்படித் தன் பாட்டைத் தேர்ந்தெடுத்தது, 1984-ல் ஃபெர்னாந்தோ உபியெர்கோ எப்படி வென்றார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)