கை உதறலை யார் கவனிப்பது?

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது 40 வயதில் இருந்தவர்கள் எல்லோரும் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அறுபதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குப் பார்க்கின்சன் நோய் வரும் என்பது உலக அளவில் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வயது ஏற ஏற அதுவும் ஏறும்.

பெங்களூரு நகரத்திலும் அதன் கிராமப்புறத்திலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2004-ல் வெளியான ஆய்வில், லட்சத்துக்கு 33 பேருக்குத்தான் இந்த நோய் இருந்தது. மும்பை பார்சி குடியிருப்புகளில் எடுத்து 1988-ல் வெளியிட்ட கணக்கிலோ 328 பேர். பார்சிகளிடையே முதியவர்கள் அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. தங்கவயலிலும் அப்படித்தான்: சாம்பியன் ரீஃப் லைன் வீடுகள் பக்கம் பகலில் போய்ப் பாருங்கள், திண்ணைகளில் தாத்தா பாட்டிகள்தான். பெங்களூரின் சராசரியை வைத்து இந்த ஊரை அளந்தால் தப்புக் கணக்காகிவிடும்.

இந்த நோய் கண்ணுக்கு எளிதில் சிக்காது. சும்மா மடியில் கிடக்கும் கை உதறும். காபி டம்ளரை எடுக்க நீட்டினால் உதறல் அடங்கிவிடும். வீட்டில் இருப்பவர்களும் 'ஒண்ணுமில்லை' என்று விட்டுவிடுவார்கள். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. குரல் தணியும். கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் சிறுத்துப்போகும்; பணம் எடுக்கப் போன இடத்தில் 'கையெழுத்து சேரவில்லை' என்று திருப்பி அனுப்புவார்கள். முப்பது வருஷம் பூமிக்கடியில் உழைத்த உடம்பு, அசதி இருக்காதா என்று ஊரே சமாதானம் சொல்லிக்கொள்ளும். சுரங்கக் கழிவான சயனைடு மண்மேட்டுத் தூசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பவர்களும் உண்டு. மாங்கனீசுத் தூசி இதுபோன்ற தளர்ச்சியைத் தரும் என்று 1837-லேயே எழுதியிருக்கிறார்கள்; தூசியைப் பற்றிய பேச்சைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் எனக்குள்ள பெரிய கவலை ரயில். இங்கே மாரிக்குப்பம் நிலையத்தில் விடியுமுன்பே வண்டி ஏறும் பிள்ளைகள் பெங்களூரில் வேலை முடித்து இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். அப்பா நடப்பதை அவர்கள் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வேகம் குறைந்ததை, சட்டைப் பொத்தான் போட நேரம் பிடிப்பதை வேறு யார் கவனிப்பது?

நோயைக் கண்டுபிடித்த பிறகும் கதை முடியாது. லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். ஒரு வேளை தள்ளிப்போனாலும் உடம்பு விறைத்துக்கொள்ளும். பருப்பும் முட்டையும் உள்ள சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. பகல் பதினொரு மணி மாத்திரையை எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போக வேண்டும்; பிள்ளைக்கு ஒரு நாள் கூலி போகும். மாதத்தில் ஒரு நாளாவது அந்த மருத்துவர் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்து உட்காரட்டும். வீடு வீடாகப் போகும் ஆஷா பெண்களுக்கு, வீசாத கையையும் சிறுத்த கையெழுத்தையும் கவனிக்கச் சொல்லிக் கொடுக்கட்டும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.