கேலனுக்கு இரண்டு மைல்

2025 ஜூனில், அமெரிக்காவின் ரேம் நிறுவனம் தன் பிக்கப் டிரக்குகளில் பழைய எஞ்சின் ஒன்றைத் திரும்பக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. ஹெமி என்று பெயர்பெற்ற 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின் அது. 2025 மாடலில் அதை நிறுத்திவிட்டு, ஹரிக்கேன் என்ற 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். புதியதன் திறன் 420 குதிரைத்திறன், பழையதோ 395. திருகுவிசையிலும் புதியதே மேல். பெட்ரோலும் சற்றுக் குறைவாகத்தான் குடிக்கும். ஆனாலும் வாடிக்கையாளர்கள் ஹெமிதான் வேண்டும் என்றார்கள். அதை நிறுத்தியது தவறு என்று ரேமின் தலைவர் டிம் குனிஸ்கிஸ் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். திரும்பி வருகிறது என்று சொன்ன 24 மணி நேரத்துக்குள் 10,000-க்கும் மேற்பட்ட ஆர்டர்கள் குவிந்ததாக நிறுவனம் தெரிவித்தது.

எட்டு சிலிண்டரின் அந்த உறுமலுக்காக, வலுவிலும் மைலேஜிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க இத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள். இவர்களை விவரமில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது சரியல்ல என்பது என் கருத்து. அவர்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதில் பெரும்பகுதி சரியாகவும் இருக்கிறது. பிசகுவது ஓரிடத்தில் மட்டும்தான். அந்தப் பிசகு அவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல.

முதலில் வண்டியைப் பார்ப்போம். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ரேம் 1500, டொயோட்டா டன்ட்ரா ஆகியவை அங்கே முழு அளவு பிக்கப் எனப்படுபவை. எடை இரண்டு முதல் இரண்டரை டன். ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக். இந்த ரக வண்டிகள் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் விற்கின்றன. அமெரிக்கர்கள் மைலேஜை கேலனுக்கு எத்தனை மைல் என்று கணக்கிடுவார்கள். இவற்றில் பெரும்பாலானவை கேலனுக்கு 17 முதல் 22 மைல் தருபவை. நம் கணக்கில், கேலனுக்கு 20 மைல் என்றால் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். பின்னால் பெரிய கேம்பர் வண்டியையோ குதிரை ஏற்றிய டிரெய்லரையோ மாட்டினால் அது பாதியாகக் குறையும்.

‘மைலேஜ் கேட்பவர் டிரக் வாங்க வரக் கூடாது’ என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் பேச்சு. வீம்பாகத் தோன்றலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று ஒரு முழு அளவு பிக்கப்பின் சராசரி விலை 60,000 டாலருக்கு மேல். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டுபவர் 18 மைல் தரும் வண்டிக்குப் பதில் 22 மைல் தருவதை வாங்கினால், 151 கேலன் மிச்சமாகும். கேலன் 3 டாலர் 20 சென்ட் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 40 டாலர். வண்டிக் கடனுக்கு மாதம் தவறாமல் பல நூறு டாலர் கட்டுபவருக்கு இது பெரிய தொகையாகத் தெரிவதில்லை. அங்கே மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993-லிருந்து கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. எரிபொருளைக் கண்ணும் கருத்துமாகச் செலவிடும் பழக்கத்தை விலை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை.

டிரக்காரர்கள் மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த தாமஸ் டரன்டைன், கென்னத் குரானி இருவரும் 57 குடும்பங்களோடு உட்கார்ந்து, அவர்கள் வாங்கிய கார்களின் கதையை முழுதாகக் கேட்டார்கள். ஆய்வு 2007-இல் வெளியானது. வண்டி வாங்கும்போது எரிபொருள் செலவை முறைப்படி கணக்குப் பார்த்த குடும்பம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. பொருளாதாரப் பாடநூலில் வரும் அந்தக் கணக்குப் பார்க்கும் வாடிக்கையாளரை அவர்கள் எங்கும் சந்திக்கவில்லை.

டிரக் ஏன் இவ்வளவு குடிக்கிறது? எடை ஒரு காரணம். நெடுஞ்சாலையில் அதைவிடப் பெரிய காரணம் காற்று. உயரமான முகப்பு, பின்னால் திறந்த தொட்டி, தரையிலிருந்து எழும்பி நிற்கும் உடல் எல்லாமே காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியவை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். மணிக்கு 65 மைலில் போகிறவர் 75-க்கு உயர்த்தினால் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. டெக்சஸில் 85 மைல், அதாவது 137 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையே உண்டு. பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று தடையின்றிப் போகும், மைலேஜ் கூடும் என்று நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடப்பது வேறு. கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் ஒரு காற்றுச்சுழல் தங்கிவிடும். மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிப் போய்விடும். கதவைத் திறந்தால் சுழல் கலைந்து எதிர்ப்பு கூடிவிடும்.

அடுத்தது எஞ்சின். எட்டு சிலிண்டர் எஞ்சின் நான்கு டன் இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. தனி ஆளாகக் கடைக்குப் போய் வரும்போது அதன் திறனில் சிறு பங்கு போதும். திறனைக் குறைக்க, காற்று நுழையும் வழியை த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடிவிடுகிறது. உறிஞ்சுகுழலை விரலால் கிள்ளிக்கொண்டு இளநீர் குடிப்பதுபோல, அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கவே எஞ்சின் கணிசமான ஆற்றலை வீணாக்குகிறது. டிரக் வைத்திருப்பவர்களில் 75 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோதான் எதையாவது கட்டி இழுக்கிறார்கள் என்று ஸ்ட்ராட்டஜிக் விஷன் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணிப்பு சொன்னது. அப்படியானால் இந்த வண்டிகள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை எஞ்சினுக்கு ஒவ்வாத அந்த இளஞ்சுமையில்தான் கழிக்கின்றன.

இந்த இழப்பைக் குறைக்க வழி உண்டு. சுமை இல்லாதபோது சில சிலிண்டர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். மற்றவை கூடுதலாக உழைக்கும், த்ராட்டில் அகலத் திறக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 2019 மாடல்களில் கொண்டுவந்த முறையில் இப்படி 17 விதமாகச் சிலிண்டர்கள் இயங்கும். இதற்கு உரிமையாளர்களில் ஒரு பகுதியினர் செய்த காரியத்தைப் பாருங்கள். இந்த வசதியை முடக்கிவைக்கும் கருவி ஒன்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனைச் சொருகியில் மாட்டிக்கொண்டார்கள். அடிக்கடி ஓய்ந்து எழும் சிலிண்டர்களின் வால்வை இயக்கும் பாகம் பழுதானால் எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும் என்ற அச்சம்தான் காரணம். அது வெறும் கற்பனை அல்ல, பலருக்கு அப்படிப் பழுதாகியும் இருக்கிறது. ஒரு மைல் கூடுதலாகக் கிடைப்பதற்காக எஞ்சினின் ஆயுளைப் பணயம் வைக்க மாட்டேன் என்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். மைலேஜை இப்படிப் பலவீனத்தோடு பிணைத்துக்கொடுத்ததுதான் கோளாறு.

டர்போ எஞ்சின் மீதும் அவர்களுக்கு இதே சந்தேகம். ஃபோர்டின் சிறிய டர்போ எஞ்சினின் பெயர் ஈக்கோபூஸ்ட். ‘ஈக்கோ கிடைக்கும், பூஸ்ட் கிடைக்கும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது’ என்பார்கள். பொறியியலின்படியும் அது சரி. மெதுவாக ஓட்டினால் சிறிய எஞ்சினின் சிக்கனம் தெரியும். மலைச்சாலையில் டிரெய்லரை இழுத்தால் டர்போ முழு வேகத்தில் சுழன்று பெட்ரோலை வாரி இறைக்கும்.

பெரிய டயர் மாட்டுபவர்கள் விஷயத்தில் கணக்கே ஏமாற்றும். 32 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் போட்டால், ஒரு சுற்றுக்கு வண்டி 9 விழுக்காடு அதிக தூரம் போகும். ஓடோமீட்டருக்கு அது தெரியாது. 109 மைல் போனதை 100 என்றே காட்டும். நிரப்பிய பெட்ரோலை அந்த எண்ணோடு வைத்து வகுத்தால் வண்டி உண்மையில் தருவதைவிடக் குறைவாகத்தான் வரும். கனத்த டயரால் நேர்ந்த உண்மையான இழப்பு இதற்கு மேல் தனி.

இப்போது அந்தப் பிசகுக்கு வருவோம். 16 மைல் தரும் டிரக்கை 18 ஆக்கினோம் என்று நிறுவனம் சொன்னால், ‘இரண்டு மைலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்’ என்று உரிமையாளர் கேட்கிறார். சூழலியல் பேசுகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். 36 மைல் தரும் காரை 48 ஆக்கினால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். பென்சிலை எடுத்து 15,000 மைலுக்குக் கணக்குப் போடுங்கள். 16 மைல் தரும் வண்டிக்கு 937.5 கேலன் வேண்டும், 18 தருவதற்கு 833.3. மிச்சம் 104 கேலன். 36 மைல் தரும் காருக்கு 416.7 கேலன், 48 தருவதற்கு 312.5. அங்கும் மிச்சம் அதே 104 கேலன், ஏறத்தாழ 394 லிட்டர். கார் 12 மைல் ஏறிச் சேமித்ததை டிரக் 2 மைலில் சேமித்துவிடுகிறது.

டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். மைலைக் கேலனால் வகுக்கிறோம். நம் பையிலிருந்து போவதோ கேலன். வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறியிருப்பதால் மனக்கணக்கு தவறிவிடுகிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும் நமக்கும் இதே மயக்கம் உண்டு. ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்கிறார்கள், அங்கே இந்தக் குழப்பம் எழுவதில்லை. இரண்டு மைல் அற்பம் என்று தள்ளும் உரிமையாளரிடம்தான் சேமிப்பின் பெரும் புதையல் இருக்கிறது என்பதை அவரும் அறியவில்லை, அவரைக் கண்டிப்பவர்களும் அறியவில்லை. ஓராண்டில் விற்கும் 20 லட்சம் பிக்கப்களும் இப்படி 16-லிருந்து 18-க்கு ஏறி, அதே 15,000 மைல் ஓடினால், ஆண்டுக்கு 78 கோடி லிட்டருக்கு மேல் மிச்சமாகும். ஒரு கேலன் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2013 மாடல் முதல் அமெரிக்க வண்டிகளின் கண்ணாடியில் ஒட்டும் சீட்டில், 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதையும் சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் எஃப்-250, சில்வராடோ 2500 போல, சுமையோடு சேர்த்து 8,500 பவுண்டுக்கு மேல் எடை அனுமதிக்கப்பட்ட கனரக பிக்கப்களுக்கு அந்தச் சீட்டே கட்டாயமில்லை. மிக அதிகம் குடிக்கும் வண்டியை வாங்குபவருக்கு எந்த எண்ணும் காட்டப்படுவதில்லை. சட்டம் நெடுகிலும் டிரக்குக்கு இப்படித்தான் சலுகை கொடுத்து வந்திருக்கிறது. 1978-இல் அதிகம் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி போட்டபோது பிக்கப்கள் விடுபட்டன. கோழி இறக்குமதித் தகராறில் 1964-இல் வெளிநாட்டுச் சரக்கு வண்டிகள்மீது போட்ட 25 விழுக்காடு வரி இன்னும் நீடிக்கிறது. சிறிய, சிக்கனமான வெளிநாட்டு பிக்கப்கள் அங்கே வேரூன்றாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நிறுவனங்கள் மைலேஜ் இலக்கைத் தவறினால் கட்ட வேண்டிய அபராதம் 2025 ஜூலையில் பூஜ்யமாக்கப்பட்டது. நான் கவலையோடு பார்க்கும் முடிவு இது.

விலை ஏறினால் மனம் மாறுமா? மாறும், கொஞ்ச நாளைக்கு. 2008 மே மாதம் பெட்ரோல் 4 டாலரை நெருங்கியபோது, ஹோண்டா சிவிக் உள்ளிட்ட நான்கு ஜப்பானிய கார்கள் மாத விற்பனையில் ஃபோர்டு எஃப் வரிசையை முந்தின. விலை இறங்கியதும் டிரக் பழைய இடத்துக்குத் திரும்பியது. விவரத்தைச் சொல்லிப் புரியவைக்கும் வழியும் பலிக்கவில்லை. ஹன்ட் ஆல்காட், கிறிஸ்டோஃபர் நிட்டல் இருவரும் ஃபோர்டு விற்பனையகங்களுக்கே ஆள் அனுப்பி, வாங்க வந்தவர்களுக்கு அவரவர் எரிபொருள் செலவைக் கணக்கிட்டுக் காட்டச் செய்தார்கள். அதனால் எந்த வண்டியை வாங்கினார்கள் என்பதில் சொல்லத்தக்க மாற்றம் ஏற்படவில்லை.

மாற்றம் வந்தது வேறு வழியில். ஃபோர்டு 2015-இல் எஃப்-150-இன் உடலை அலுமினியத்துக்கு மாற்றி, 700 பவுண்டு வரை எடையைக் குறைத்தது. குறைந்த எடை, கூடுதல் சுமை ஏற்றும் திறனாக வாங்குபவரைச் சென்றடைந்தது. 2021-இல் வந்த அதன் ஹைபிரிட் மாடல் 430 குதிரைத்திறன் கொண்டது; அப்போதைய எஃப்-150-களில் அதிகத் திருகுவிசை அதற்குத்தான். பின்பக்கத் தொட்டியில் 7.2 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கலாம். அந்த ஆண்டு பிப்ரவரியில் டெக்சஸ் பனியில் உறைந்து மின்சாரம் நின்றபோது, சிலர் வீட்டு விளக்குக்கும் ஹீட்டருக்கும் இந்த டிரக்கிலிருந்தே மின்சாரம் எடுத்தார்கள். நான்கு சக்கர இயக்கத்தோடு அது கேலனுக்கு 24 மைல் தருகிறது. அதே வண்டி எட்டு சிலிண்டர் எஞ்சினோடு தருவது ஏறத்தாழ 19. ஆண்டுக்கு 15,000 மைலுக்கு 600 லிட்டருக்கு மேல் மிச்சம். டொயோட்டாவும் 2022 டன்ட்ராவில் ஹைபிரிட்டை இப்படித்தான் வைத்தது, வரிசையிலேயே வலுவான எஞ்சினாக. சேமிப்பு வலுவோடு சேர்ந்து வரும்போது டிரக்காரர் அதை மறுப்பதில்லை. சீட்டுகூட ஒட்டப்படாத அந்தக் கனரக பிக்கப்களில் இதுபோன்ற ஹைபிரிட்டை வைப்பதுதான் பொறியாளர்கள் அடுத்து இறங்க வேண்டிய வேலை.