கருத்தரிக்கும் நாட்களைக் காட்டும் ஹார்மோன் பரிசோதனை

1951-ஆம் ஆண்டில், மத்திய சுகாதார அமைச்சராக இருந்த ராஜகுமாரி அம்ரித் கௌரின் அழைப்பின்பேரில், உலகச் சுகாதார ஸ்தாபனம் அமெரிக்க மருத்துவர் டாக்டர் ஆபிரகாம் ஸ்டோனை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் வகுத்த திட்டத்தின்படி, மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் புது டில்லியின் லோதி காலனியிலும், கருத்தரிக்கக்கூடிய நாட்களைக் கணக்கிடும் முறை 1952-இல் கற்பிக்கப்படலாயிற்று. எழுத்தறியாத பெண்களுக்காக நிற மணிமாலைகளும் செய்யப்பட்டன. நாளுக்கு ஒரு மணியாக நகர்த்திவர வேண்டும். பச்சை மணி கருத்தரிக்காத நாளையும், சிவப்பு மணி கருத்தரிக்கக்கூடிய நாளையும் குறிக்கும்.

இம்முயற்சி எதிர்பார்த்த பலனை அளிக்கவில்லை. மணியை நகர்த்த மறந்தோர் பலர். எனினும், மறவாது நகர்த்தினாலும் நீங்காத குறை ஒன்று அம்முறையில் இருந்தது.

கணக்கிலுள்ள இடர்ப்பாடு

சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுவது, அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 12 முதல் 16 நாட்களுக்கு முன்னர் என்பதை ஜப்பானிய மருத்துவர் ஓகினோ 1924-இல் வெளியிட்டார். முட்டை வெளிப்பட்ட பிற்பாடு வரும் நாட்கள் பெரும்பாலும் அதிகம் மாறுவதில்லை. அதற்கு முந்திய நாட்களே பெண்ணுக்குப் பெண்ணும், ஒரே பெண்ணிடத்து மாதத்துக்கு மாதமும் வேறுபடுகின்றன. 28 நாள் சுழற்சியில் சுமார் 14-ஆம் நாளில் வெளிப்படும் முட்டை, 35 நாள் சுழற்சியில் சுமார் 21-ஆம் நாளில் வெளிப்படும். ஆகவே, இனி வரவிருக்கும் மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அதுவோ இன்னும் வரவில்லை! மணிமாலை ஊகித்துச் சொன்னதும் இதனையே.

உடல் தரும் அறிகுறி

ஊகத்திற்குப் பதிலாக, உடலில் சுரக்கும் ஹார்மோன்களை அளந்தறிய இன்று இயலும். சூலகத்தில் முட்டை வளருங்கால் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சில நாட்கள் படிப்படியாக மிகுகின்றது. அது உச்சத்தை நெருங்கும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்னும் ஹார்மோனைத் திடீரெனப் பெருமளவில் வெளியிடுகின்றது. இப்பெருக்கு தொடங்கிய ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை வெளிப்படுகின்றது. அதன்பின் புரொஜெஸ்டெரோன் மிகுந்து, முட்டை வெளிப்பட்டதை உறுதிசெய்கின்றது.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் பரிசோதனைப் பட்டை, சிறுநீரில் எல்.எச். மிகுந்திருப்பதைக் காட்டும். சோதனைக் கோடு, ஒப்புநோக்கும் கோட்டின் அளவுக்கோ அதனினும் அழுத்தமாகவோ நிறம் பெற்றால் முட்டை வெளிப்படும் காலம் நெருங்கிவிட்டது எனக் கொள்ளலாம். எதிர்பார்க்கும் நாளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே தொடங்கி, நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பார்த்துவருதல் நன்று.

பட்டையால் அறிய இயலாதவை

அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட முடிவின்படி, முட்டை வெளிப்படும் நாளோடு முடியும் ஆறு நாட்களில் கூடியவர்களே கருவுற்றனர். விந்தணு ஐந்து நாட்கள் வரை உயிருடன் இருக்கக்கூடும். முட்டையோ ஒரு நாளளவே. ஆகவே எல்.எச். பட்டை நிறம் காட்டுமுன்னரே கருத்தரிக்கும் நாட்கள் தொடங்கிவிடுகின்றன. குழந்தையை விரும்புவோருக்கு இப்பட்டை உதவும். கருத்தரிப்பைத் தவிர்க்க விரும்புவோர் இதனை மட்டும் நம்புதல் ஆகாது. மேலும், சூலகத்தில் பல நீர்க்கட்டிகள் உள்ள நோய்நிலையில் எல்.எச். எப்போதுமே மிகுந்திருந்து தவறான குறியைக் காட்டக்கூடும்.

மணிமாலையின் பிழை, இரத்தப் பரிசோதனையிலும் நேரக்கூடும். முட்டை வெளிப்பட்டதை அறியப் புரொஜெஸ்டெரோனை 21-ஆம் நாளில் அளப்பது வழக்கம். இது 28 நாள் சுழற்சிக்கே பொருந்தும். 35 நாள் சுழற்சியுள்ள பெண்ணுக்கு அப்பரிசோதனையைச் சுமார் 28-ஆம் நாளில் செய்தல் வேண்டும். இன்றேல், முட்டை முறையாக வெளிப்படும் பெண்ணையும் குறையுள்ளவள் என்று தவறாக முடிவுசெய்ய நேரும்.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிடில் மருத்துவரை நாட வேண்டும். பெண்ணுக்கு 35 வயதுக்கு மேலாயின் ஆறு மாதத்திலேயே நாடுதல் நலம். அப்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். குறை ஆணிடத்தும் இருக்கக்கூடும். அதனைப் பெண்ணின் சிறுநீர்ப் பட்டை எதுவும் காட்டாது.