சருகின் கீழ் வாழும் சிற்றுண்ணிகள்

மிளகாய் இலையைச் சுருளச் செய்யும் சிற்றுண்ணியை நீங்கள் அறிவீர்கள். அதன் உறவினங்கள் மண்ணிலும் வாழ்கின்றன, அவையெல்லாம் பகையல்ல.

மலைக்காட்டுச் சருகின் கீழ் இவை ஏராளம். இவற்றைப் பிரித்தெடுக்க 1905இல் இத்தாலிய அறிஞர் அந்தோனியோ பெர்லேசே எளிய வழி கண்டார். வலையிட்ட புனலில் சருகை இட்டு மெல்லச் சூடாக்கினால், உலர்வுக்கு அஞ்சிக் கீழிறங்கிப் போத்தலில் விழும்.

வண்டுபோல் தடித்த ஓடும் மந்த நடையும் உள்ளவை சருகையும் பூஞ்சணத்தையும் தின்று மண்ணை வளமாக்குபவை. விரைந்தோடுபவை பெரும்பாலும் பிற சிற்றுயிர்களை வேட்டையாடுபவை. இனப்பெயர் சொல்வதானால் நுணுக்குக்காட்டியில் முதுகு மயிர்களை எண்ணவேண்டும். அது ஆய்வாளர் பாடு.

குளிர்மலையில் ஓடுடையவை சில முதிர ஓராண்டுக்கு மேலாகும். அழிந்தால் விரைவில் பெருகா. தரைநிலக் காணிகளிலும் இவ்வகையின உண்டு. காணியைத் துப்புரவாக்கிச் சருகுக்குத் தீ வைக்குமுன், ஒரு பிடியை வெள்ளைத் துணியில் உதறிப் பாருங்கள்.